அரம் போடுகிறவர் எங்கே போனார்? - செயின்சா பல்லின் கதை

செயின்சாவுக்கு அரம் போடுவது பற்றி ஒரு வரலாற்றுக் கட்டுரையா என்று சிரிக்காதீர்கள். நானும் முதலில் சிரித்தவன்தான்.

எங்கள் விடுதிக்குப் பின்னால் நின்ற பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒரு மழைக்காலத்தில் காற்றோடு சாய்ந்துவிட்டது. அதை அறுத்துப் போட ஒரு அண்ணன் மெஷினோடு வந்தார். அரை மணி நேரம் நன்றாக ஓடியது. அப்புறம் திடீரென்று நிறுத்திவிட்டு, அறுபட்ட இடத்தில் கிடந்த தூளைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"ஏண்ணே நிறுத்திட்டீங்க?"

"மாவு வருது பாத்தியா தம்பி. மாவு வந்தா பல்லு மழுங்கிருச்சுன்னு அர்த்தம். அவல் மாதிரி வரணும்."

அடிமரத்தில் ஒரு வெட்டுப் போட்டு அதில் மெஷினின் பாரைச் சொருகி அசையாமல் நிறுத்தினார். பையிலிருந்து பென்சில் தடிமனில் ஒரு உருட்டு அரத்தை எடுத்தார். அதன் முதுகில் ஒரு தகரம் கவ்வியிருந்தது. தகரத்தில் சாய்வாகச் சில கோடுகள். ஒரு பல் விட்டு ஒரு பல்லாக, வாய்க்குள் எண்ணிக்கொண்டே தேய்த்தார். ஒரு பக்கம் முடிந்ததும் எழுந்து மறுபக்கம் போய் உட்கார்ந்து மீதிப் பற்களைத் தேய்த்தார்.

"அந்தத் தகரம் எதுக்குண்ணே? இத்தனை வருஷமா செய்றீங்க, கை பழகலையா?"

"கை பழகினதுதாம்ப்பா வம்பு. வலது கைக்காரன் ஒரு பக்கம் அழுத்தித் தேய்ப்பான், இன்னொரு பக்கம் தடவுவான். அப்புறம் மெஷின் நேரா போகாது. வாழைப்பழம் மாதிரி வளைஞ்சு போகும்."

அந்தத் தகரத்தைப் பற்றித் தேடப் போனதில்தான் இந்தக் கட்டுரை வந்தது. அந்த நாலு கோட்டுக்குள் ஒரு தொழிலாளியின் மொத்தத் தொழிலும் அடங்கிக் கிடக்கிறது என்பது எனக்கு அன்று தெரியாது.

அந்தத் தொழிலாளியைப் பார்க்க அமெரிக்காவின் மேற்குக் கரைக்குப் போக வேண்டும். ஒரேகான், வாஷிங்டன், வடக்குக் கலிஃபோர்னியா. டக்ளஸ் ஃபர் என்ற ஊசியிலை மரமும், ரெட்வுட் என்ற ராட்சத மரமும் வளர்கிற காடுகள். (ரெட்வுட்டை அப்படியே தமிழாக்கிச் செம்மரம் என்று எழுதிவிடாதீர்கள். நம் ஆந்திர எல்லைச் செம்மரத்துக்கும் அதற்கும் எந்த உறவும் கிடையாது.) பத்துப் பதினைந்து பேர் கை கோத்தால்தான் சுற்றி நிற்க முடியும் என்கிற அளவுக்குப் பருத்த மரங்கள். முதலில் இவற்றைக் கோடாலியால்தான் சாய்த்தார்கள். ரம்பம், விழுந்த மரத்தைத் துண்டு போட மட்டும். 1880களில்தான் நிற்கிற மரத்தைச் சாய்க்கவும் இரண்டு பேர் இழுக்கும் நீள ரம்பம் வந்தது. மரத்தின் பருமனுக்கேற்ப ரம்பம் பத்தடி, பன்னிரண்டு அடி என்று நீண்டது.

இந்த ரம்பத்தின் பல்லைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும், ஏனென்றால் கதை முழுக்கப் பல்லில்தான் இருக்கிறது. நம் தச்சர் வைத்திருக்கும் கைரம்பத்தில் எல்லாப் பல்லும் ஒரே மாதிரி இருக்கும். காட்டு ரம்பத்தில் இரண்டு வகைப் பற்கள். ஒன்று வெட்டுப் பல்: கத்திமுனை போலக் கூராக, மர நாரை இரண்டு பக்கமும் கீறிக்கொண்டு போகும். இன்னொன்று வாரிப் பல்: உளி போலத் தட்டையான முனையோடு, கீறப்பட்ட நாரை அடியிலிருந்து பெயர்த்து வாரி வெளியே தள்ளும். நாலு வெட்டுப் பல், ஒரு வாரிப் பல் என்கிற வரிசையில் ரம்பம் முழுக்கப் போகும்.

இப்போது சூட்சுமம். வாரிப் பல், வெட்டுப் பல்லைவிடக் கொஞ்சம் குள்ளமாக இருக்க வேண்டும். எவ்வளவு? ஒரு அங்குலத்தை நூறாகப் பிரித்தால் அதில் ஒன்றிரண்டு பங்கு! குள்ளம் போதாவிட்டால் வெட்டுப் பல் மரத்துக்குள் இறங்காமல் மாவு கொட்டும். அதிகமாகக் குள்ளமாகிவிட்டால் வாரிப் பல் நாரை அடியோடு எடுக்காது, ரம்பம் இழுக்க முடியாமல் கனக்கும். சரியாக அமைந்துவிட்டால் மாவே வராது. நீள நீளமாக, சேமியாவைச் சுருட்டிப் போட்ட மாதிரி சீவல் வரும். அந்தக் காலத்து மரவெட்டிகள் ரம்பத்தின் தரத்தைச் சீவலின் நீளத்தை வைத்தே சொன்னார்கள். நம்ம அண்ணன் மாவையும் அவலையும் வைத்துச் சொன்னதும் அதே பரீட்சைதான்.

இந்த நூறில் ஒரு பங்கு கணக்கைப் பார்ப்பதற்கென்றே ஒவ்வொரு முகாமிலும் ஒரு ஆள் இருந்தார். அவர்தான் அரம் போடுகிறவர். இங்கிலீஷில் ஃபைலர். அவர் மரம் வெட்டப் போகமாட்டார். ஜன்னல் வைத்த ஒரு சின்னக் கொட்டகை அவருக்கு. நல்ல வெளிச்சம் விழுகிற மாதிரி ஜன்னலோரம் ரம்பத்தைப் பொருத்தி வைத்து நாள் முழுக்க அதே வேலை. முதலில் ஒரு சட்டத்தில் பொருத்திய நீள அரத்தை ரம்பத்தின் பல் நுனிகளோடு ஓட்டி எல்லா வெட்டுப் பல்லையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவருவார். இதற்கு ஜாயின்ட் பண்ணுவது என்று பெயர். (இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வரும்.) அப்புறம் வாரிப் பற்களை அளவுக்கருவி வைத்துக் குள்ளமாக்குவார். அப்புறம் ஒவ்வொரு வெட்டுப் பல்லையும் கூராக்குவார். கடைசியாக, பல் நுனிகளை ஒன்று இடமாக ஒன்று வலமாகச் சுத்தியால் தட்டி வளைப்பார். அறுபடும் சந்து ரம்பத்தைவிடச் சற்று அகலமாக இருந்தால்தானே ரம்பம் மாட்டிக்கொள்ளாது? அந்த வளைவைச் சரிபார்க்க நாலு கால் உள்ள ஒரு குட்டி இரும்புத் துண்டு உண்டு. அதன் பெயரே ஸ்பைடர், அதாவது சிலந்தி. ஒரு ரம்பத்தை முழுதாகச் சீர் செய்ய மணிக்கணக்கில் ஆகும்.

இதில் கூலி விஷயமும் இருந்தது. அந்தக் காடுகளில் பல இடங்களில் மரவெட்டிகளுக்கு நாள் கூலி கிடையாது. எவ்வளவு மரம் சாய்த்தார்களோ அதற்குத்தான் காசு. மழுங்கின ரம்பம் என்றால் அன்றைக்கு உடம்பு நோவு இரட்டிப்பு, சம்பளம் பாதி. அதனால் முகாமில் நல்ல கூலி வாங்கியவர்களில் அரம் போடுகிறவரும் ஒருவர். மரவெட்டிகள் அவரைப் பகைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நானாக ஊகிக்கிறேன்!

அரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரத்திலும் பல் இருக்கிறதே, அதை யார் வெட்டியது? 19ஆம் நூற்றாண்டிலும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆட்கள் உட்கார்ந்து உளியும் சுத்தியும் வைத்து ஒவ்வொரு வரியாகக் கையால் வெட்டினார்கள். வெட்டும்போது அரம் நழுவாமலும் நசுங்காமலும் இருக்க அடியில் ஈயக் கட்டியை வைத்துக்கொள்வார்கள். அந்த ஈயம் உடம்புக்குள் போய் முடங்கியவர்கள் ஏராளம். 1864ல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் வில்லியம் நிக்கல்சன் தொடங்கிய கம்பெனி மெஷினால் அரம் வெட்டி, அதை மலிவுச் சரக்காக்கியது. தேய்ந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கலாம் என்கிற நிலைமை வந்த பிறகுதான் வீட்டுக்கு வீடு அரம் என்பதெல்லாம்.

சரி, செயின்சா எங்கே? அதன் பிறப்பு எல்லோரும் சொல்கிற கதை என்பதால் வேகமாகப் போகிறேன். பல் வைத்த சங்கிலி முதலில் மரத்துக்கு வரவில்லை, எலும்புக்குத்தான் வந்தது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்து மருத்துவர்கள் ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே இருவரும் எலும்பு அறுக்கச் சங்கிலி ரம்பம் வைத்திருந்தார்கள். 1830 வாக்கில் ஜெர்மனியில் பெர்ன்ஹார்ட் ஹெய்ன கைப்பிடி சுற்றி ஓட்டுகிற மாதிரி ஒன்று செய்தார். 1905ல் சான் ஃபிரான்சிஸ்கோவின் சாமுவேல் பென்ஸ், ரெட்வுட்டைச் சாய்க்க முடிவில்லாமல் சுற்றும் சங்கிலி ரம்பத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1926ல் ஆந்திரேயாஸ் ஸ்டீல் ஜெர்மனியில் மின்சாரத்தில் ஓடும் செயின்சாவைக் கொண்டுவந்தார். 1929ல் பெட்ரோலில் ஓடுவது. அது கிட்டத்தட்ட 46 கிலோ! இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பழைய இருவர் ரம்பத்துக்கு இன்ஜின் வைத்த மாதிரி.

"இருவர் ரம்பத்துக்கு இன்ஜின்" என்று நான் சும்மா சொல்லவில்லை. சங்கிலியில் இருந்த பல்லும் அப்படியே பழைய பல்தான். வெட்டுப் பல், வாரிப் பல், இடது வளைவு, வலது வளைவு எல்லாவற்றையும் கண்ணி கண்ணியாகப் பிரித்துச் சங்கிலியில் கோத்திருந்தார்கள். இதற்கு ஸ்க்ராட்சர் செயின் என்று பெயர். கீறும் சங்கிலி என்று வைத்துக்கொள்ளலாம். கையால் இழுக்கும்போது ஒரு நாள் தாங்குகிற கூர், இன்ஜின் வேகத்தில் சீக்கிரமே போய்விடும். ஆனால் கூராக்க வேண்டியது அதே நாலு வகை வேலை. அதே நூறில் ஒரு பங்குக் கணக்கு. அதே கொட்டகைக்காரர்.

இது எனக்கு ரொம்ப ஆச்சரியமான இடம். மெஷின் வந்தால் கைத்தொழில்காரன் வேலை போகும் என்றுதானே படிக்கிறோம்? செயின்சா வந்து கொஞ்ச காலத்துக்கு அரம் போடுகிறவரின் வேலை போகவில்லை, கூடியது! அவர் வேலையைப் பறித்தது இன்ஜின் இல்லை. ஒரு பல்.

அந்தப் பல்லைச் செய்தவர் ஜோசப் புஃபோர்ட் காக்ஸ். 1905ல் பிறந்தவர், ஒரேகானில் மரத்தொழில் பார்த்தவர். அப்போதைய சங்கிலிகளுக்கு அரம் போட்டு அலுத்துப்போனவர்களில் ஒருவர். 1946 இலையுதிர் காலத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தபோது, ஒரு அடிமரத்துக்குள் விரல் பருமனில் ஒரு வண்டுப் புழு மரத்தைத் தின்றுகொண்டிருப்பதைப் பார்த்தார் என்பது கதை. உறுதியான மரம். புழுவோ நார் போகிற திசை, குறுக்குத் திசை என்ற கவலையே இல்லாமல் நன்றாகக் குடைந்துகொண்டு போகிறது. காக்ஸ் அதன் தாடையைக் கவனித்தார். ஆங்கில எழுத்து சி வடிவில் வளைந்த இரண்டு தாடைகள், ஒன்று இடம், ஒன்று வலம். அது கீறவில்லை. செதுக்கி எடுத்தது.

விழுந்த ஆப்பிள், குளியல் தொட்டி வகைக் கதை மாதிரி கொஞ்சம் அதிக அழகாக இருக்கிறது என்று எனக்கும் தோன்றியது. சங்கிலி விற்கிற கம்பெனியே பல வருஷமாகச் சொல்லிவரும் கதை வேறு. ஆனால் காக்ஸ் செய்த பல்லைப் பார்த்தால் நம்பாமல் இருப்பதும் கஷ்டம். வெட்டுப் பல், வாரிப் பல் என்ற இரட்டை வேலையை அவர் ஒழித்துவிட்டார். மேலே ஒரு தகடு, பக்கவாட்டில் ஒரு தகடு, இரண்டும் வளைந்து சேர்ந்த ஒரே பல். பக்கத் தகடு நாரை வெட்டும். மேல் தகடு அதை உளி போலச் சீவி எடுக்கும். ஒரு கண்ணியில் இடது பல், அடுத்ததில் வலது பல். சுத்தியால் வளைக்கிற வேலையும் போச்சு, ஏனென்றால் பல் பிறக்கும்போதே வளைந்து பிறக்கிறது. பல்லுக்கு முன்னால் ஒரு சின்ன மேடு: டெப்த் கேஜ். பல் ஒரு தடவையில் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அது முடிவு செய்யும். நூறில் ஒரு பங்குக் கணக்கு இப்போது இந்த மேட்டுக்கு வந்துவிட்டது.

எல்லாவற்றையும் விட முக்கியம், பல்லின் உட்புறம் வளைவாக இருந்தது. எந்த வளைவு? உருட்டு அரத்தின் வளைவு. சரியான பருமனுள்ள உருட்டு அரத்தை அதில் வைத்து ஒரு தள்ளு தள்ளினால் மேல் தகட்டின் விளிம்பும் பக்கத் தகட்டின் விளிம்பும் ஒரே நேரத்தில் கூராகிவிடும். கொட்டகை, ஜன்னல், சட்டம், சுத்தி, சிலந்தி ஒன்றும் வேண்டாம். சட்டைப் பையில் வைக்கிற ஒரு அரம் போதும். கருவிக்கேற்ற பல் என்பதைத் திருப்பிப் போட்டு, கூராக்குகிறவனுக்கேற்ற பல் என்று செய்ததுதான் காக்ஸின் சாமர்த்தியம் என்று எனக்குப் படுகிறது. புழு பாதிதான் சொல்லிக்கொடுத்தது. அதற்கு அரம் போட வேண்டிய தேவை இல்லையே!

1947ல் போர்ட்லண்டில் தன் வீட்டின் அடித்தளத்திலேயே சங்கிலி செய்யத் தொடங்கினார். ஒரேகான் சா செயின் என்பது கம்பெனியின் பெயர். இன்று கடையில் ஒரேகான் என்ற பெயரோடு தொங்குகிற சங்கிலிப் பொட்டலங்கள் அந்த அடித்தளத்திலிருந்து வந்த வம்சம்தான். வேறு கம்பெனிச் சங்கிலியாக இருந்தாலும் பல்லின் அடிப்படை வடிவம் அதுவே. 1949, 1950 வாக்கில் ஒரு ஆள் தூக்கிப் பிடிக்கிற எடையில் மெஷினும் வந்துவிட்டது. இரண்டும் சேர்ந்ததும் காட்டு ரம்பமும் கொட்டகைக்காரரும் சில வருஷங்களில் காணாமல் போனார்கள்.

யார் வேண்டுமானாலும் அரம் போடலாம் என்று ஆனதும் எல்லோரும் தப்பாகப் போட ஆரம்பித்தார்கள். இது நடக்கும் என்று காக்ஸ் நினைத்தாரா தெரியாது. உருட்டு அரத்துக்கு மூன்று விதமாகத் தவற முடியும். முதலாவது சாய்வு: மேல் தகட்டின் விளிம்பு சுமார் 30 டிகிரியில் இருக்க வேண்டும், கையால் தள்ளும்போது இடப் பற்களுக்கு 25, வலப் பற்களுக்கு 35 என்று போய்விடும். அப்போதுதான் நம்ம அண்ணன் சொன்ன வாழைப்பழம். இரண்டாவது உயரம்: அரத்தின் பருமனில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு பல்லுக்கு மேலே துருத்திக்கொண்டிருக்க வேண்டும். அரம் கீழே இறங்கிவிட்டால் பல் கொக்கி போல ஆகி மரத்தைப் பிடித்து இழுக்கும், உடனே மழுங்கும். மேலே ஏறிவிட்டால் பல் மொட்டையாகி வழுக்கும். மூன்றாவது நீளம்: எல்லாப் பல்லும் ஒரே நீளம் இல்லாவிட்டால் நீளமான பல் மட்டும் வேலை செய்யும், மற்றவை சும்மா கூட வரும்.

இந்த மூன்றையும் பிடித்து வைக்கத்தான் வழிகாட்டி. எளிமையானது அண்ணனிடம் இருந்த தகரம். அரத்தில் கவ்விக்கொள்ளும், பல்லின் மேல் படுத்துக்கொண்டு அரத்தைச் சரியான உயரத்தில் தாங்கும். அதிலுள்ள கோட்டைச் சங்கிலிக்கு இணையாக வைத்தால் 30 டிகிரி தானாக வரும். இன்னொரு வகை, சங்கிலியின் மேல் உட்காருகிற இரண்டு உருளை. அரம் அதன்மேல் உருண்டு போகும். மூன்றாவது வகை, பாரிலேயே திருகிப் பொருத்துகிற சட்டம். அரம் அதற்குள் ஒரு வில்லில் மாட்டியது போல முன்னும் பின்னும் போகும். சாய்வு, உயரம், எவ்வளவு தூரம் தேய வேண்டும் என்பதுவரை எல்லாம் திருகு போட்டு நிறுத்திவிடலாம். கலிஃபோர்னியாவின் கிரான்பெர்க் கம்பெனி செய்த இந்த வகைக் கருவி ஒன்றின் பெயர் ஃபைல்-என்-ஜாயின்ட். அரம் போடு, ஜாயின்ட் பண்ணு!

அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்குச் சட்டென்று புரிந்தது. ஜாயின்ட் என்பது கொட்டகைக்காரரின் வார்த்தை அல்லவா? நீள அரத்தைச் சட்டத்தில் பொருத்தி எல்லாப் பல்லையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்த அந்த முதல் வேலை. இருவர் ரம்பம் போய்விட்டது, அந்த ஆள் போய்விட்டார், வார்த்தை மட்டும் ஒரு அலுமினியக் கருவியின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சங்கிலியின் மேட்டைத் தேய்ப்பதற்கு உதவும் சின்னத் தகட்டையும் அங்கே ஜாயின்டர் என்று சொல்வதுண்டு.

அந்த மேட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உயிர் போகிற இடம் அதுதான். பல்லைத் தேய்க்கத் தேய்க்கப் பல் பின்னால் போகும். மேல் தகடு பின்பக்கம் சரிந்திருப்பதால் கூடவே உயரமும் குறையும். மேடு மட்டும் பழைய உயரத்திலேயே நிற்கும். நாலைந்து தடவை கூராக்கிய பிறகு, பல் எவ்வளவு கூராக இருந்தாலும் மேடு அதை மரத்தைத் தொட விடாது. மறுபடி மாவு. எனவே மேட்டையும் தட்டை அரத்தால் தேய்க்க வேண்டும். சாதாரணச் சங்கிலிகளில் பல் முனைக்கும் மேட்டுக்கும் இருக்க வேண்டிய வித்தியாசம் 0.025 அங்குலம், அதாவது சுமார் 0.65 மிமீ. பழைய வாரிப் பல்லின் கணக்கிலிருந்து பெரிய தூரம் இல்லை பாருங்கள்.

ஆசைப்பட்டு அதிகமாகத் தேய்த்துவிட்டால்? பல் அளவுக்கு மீறிக் கடிக்கும். மெஷின் அதிரும், இழுக்கும். பாரின் மூக்கின் மேல் பகுதி மரத்தில் பட்டால் மெஷின் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கித் தூக்கி அடிக்கும். இதற்கு கிக்பேக் என்று பெயர். சங்கிலி நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அமெரிக்காவில் விறகு அடுப்புகள் திரும்பி வந்தன. மரத்தொழிலே தெரியாத வீட்டுக்காரர்கள் செயின்சா வாங்கினார்கள். காயங்கள் பெருகின. செயின் பிரேக்கும், மேட்டைச் சரிவாக அமைத்த பாதுகாப்புச் சங்கிலிகளும் பரவியது இந்தக் காலத்தில்தான். மேட்டின் உயரத்தைக் கணக்காகக் காட்டும் தகடு இல்லாமல் கண்மட்டத்தில் தேய்ப்பது என்பது, வீட்டு மனிதருக்கு, வெறும் வேலைக் குறை இல்லை. கழுத்துப் பிரச்னை.

அப்புறம் பல்லையும் மேட்டையும் ஒரே தள்ளில் தேய்க்கிற கருவி வந்தது: இரண்டு உருட்டு அரம், நடுவில் ஒரு தட்டை அரம், ஒரே சட்டத்தில். இப்போது பல சங்கிலிகளில் பல்லின் முதுகிலேயே சாய்வாக ஒரு கோடு வெட்டியிருக்கிறார்கள். அதற்கு இணையாக அரம் ஓட்டினால் சரியான சாய்வு; தேய்ந்து அந்தக் கோட்டுக்கு வந்துவிட்டால் சங்கிலியைத் தூக்கிப் போடலாம். அதாவது, வழிகாட்டியின் ஒரு பகுதி பல்லுக்கே குடிபோய்விட்டது.

வீட்டில் செயின்சா இருக்கிற நண்பர்களுக்காக (எங்கள் வகுப்பில் இரண்டு பேர் தோப்புக்காரர்கள்) முறையையும் சொல்லிவிடுகிறேன். இன்ஜினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கின் மூடியைக் கழற்றிவிடுங்கள். கையுறை போடுங்கள். பாரை வைஸிலோ மரவெட்டிலோ அசையாமல் பிடியுங்கள். சங்கிலியில் அடுத்தடுத்த மூன்று ரிவிட்டுகளுக்கு இடையிலுள்ள தூரத்தைப் பாதியாக்கினால் வருவது பிட்ச். அரத்தின் பருமனைத் தீர்மானிப்பது அதுதான். சின்ன மெஷின்களில் வரும் 3/8 லோ புரொஃபைல் சங்கிலிக்கு 4 மிமீ, 0.325 அங்குலச் சங்கிலிக்கு 4.8 மிமீ, பெரிய 3/8க்குக் கம்பெனியைப் பொறுத்து 5.2 அல்லது 5.5 மிமீ. சங்கிலிப் பொட்டலத்திலேயே போட்டிருப்பான், அதை நம்புங்கள். இருப்பதிலேயே குட்டையான பல்லைக் கண்டுபிடித்து, அதில் மார்க்கர் வைத்துத் தொடங்குங்கள். மற்றப் பற்களை அதன் நீளத்துக்குக் கொண்டுவர வேண்டும். அரம் பல்லின் உள்ளேயிருந்து வெளியே மட்டும் போகணும். திரும்பும்போது தூக்கிவிடணும், இழுத்துத் தேய்க்கக் கூடாது. ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்று. ஒரு பக்கம் முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம். மேட்டை நாலைந்து தடவைக்கு ஒருமுறை பாருங்கள், தகடு வைத்து.

கரண்டில் ஓடும் சாணைக்கல் இருக்கிறதே என்று கேட்கலாம். வேகம்தான். ஆனால் கொஞ்சம் அதிகம் அழுத்தினால் சூட்டில் பல் நுனி நீலம் பாய்ந்துவிடும். நீலம் பாய்ந்த எஃகு பதம் போன எஃகு. அப்புறம் எத்தனை கூராக்கினாலும் நிற்காது. அவசரம் இல்லாதவருக்குக் கையரம்தான் நல்லது என்பது என் கட்சி.

அமெரிக்க மேற்குக் கரையில் இன்றும் சில மரவெட்டிகள் உருட்டு அரத்தையே ஒதுக்கிவிட்டு, சதுர மூலையுள்ள பல்லுக்குக் கோணமான அரம் போடுகிறார்கள். வேகமாக வெட்டும், ஆனால் போடுவது கஷ்டம், மூலை அரை மில்லிமீட்டர் தப்பினாலும் போச்சு. காக்ஸ் எளிதாக்கியதை மறுபடி கஷ்டமாக்கிக்கொள்வதில் அவர்களுக்கு ஒரு பெருமை. எனக்கு இது பிடித்திருக்கிறது.

கொட்டகைக்காரருக்கு என்ன ஆச்சு? முழுதாக மறையவில்லை. 1964ல் அமெரிக்காவில் வனாந்தரச் சட்டம் வந்தது. அதன்படி காப்பாற்றப்பட்ட காடுகளில் மோட்டார் வைத்த கருவிகள் கூடாது. நடைபாதையில் மரம் விழுந்தால் பழைய இருவர் ரம்பத்தைத்தான் தூக்கிக்கொண்டு போகணும். ரம்பங்கள் கிடங்குகளில் இருந்தன. கூராக்கத் தெரிந்தவர்கள்தான் அருகிக்கொண்டே வந்தார்கள். அமெரிக்க வனத்துறைக்காக வாரன் மில்லர் என்பவர் 1970களின் கடைசியில் ரம்பம் கூராக்குவதற்கென்றே ஒரு கையேடு எழுதினார். ஜாயின்ட் பண்ணுவது, வாரிப் பல், சிலந்தி எல்லாம் படத்தோடு. வாயால் சொல்லிக் கையால் காட்டி வந்த ஒரு தொழில் ஒரு புத்தகத்துக்குள் போனது. காக்ஸின் பல்லுக்கு வேண்டிய குறிப்போ அரப் பொட்டலத்தின் முதுகில் அடங்கிவிடுகிறது.

அன்றைக்கு அந்த அண்ணனிடம் நானும் ஒருமுறை முயன்று பார்க்கட்டுமா என்று கேட்டேன். தகரம் மாட்டிய அரத்தைக் கொடுத்தார். கோட்டைச் சங்கிலிக்கு நேராக வைத்து, மூன்று மூன்று தள்ளாக நாலு பல் போட்டேன். கஷ்டமாகவே இல்லை. அவர் ஒவ்வொரு பல்லையும் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பரவாயில்லையே தம்பி" என்றார்.

அப்புறம் நான் போட்ட நாலு பல்லையும் அவரே மறுபடி போட்டார்.